மடிக்கிற சைக்கிளும் மலைநாட்டு இறக்கமும்



கடையில் தூங்கும் சாமான் எது என்று கேட்டால் நம்மில் பலர் விலை கூடிய சாமானைச் சொல்வார்கள். என் அனுபவம் வேறு. விலை கூடிய சாமான் நாள் சென்றாலும் போகும். ஊருக்கு ஒத்துவராத சாமான் எவ்வளவு மலிவாக வாங்கினாலும் போகாது. அதையும் தாண்டி, போகக் கூடாத சாமான் என்று ஒன்று இருக்கிறது. விற்றால் காசு வரும், அதோடு பழியும் வரும். இந்த வாரம் அப்படி ஒரு சாமானைப் பற்றி எழுதுகிறேன். நான் அதில் விழப் பார்த்துத் தப்பியவன்.

2024ஆம் ஆண்டு மழை நாளொன்றில் புறக்கோட்டையிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். ஜப்பானில் பாவித்த சைக்கிள்களைக் கொண்டுவந்து விற்பவர். பெயர் வேண்டாம். நமக்குப் பழக்கமான ஆள்.

“நானா, மடிக்கிற சைக்கிள் இருபத்தைந்து இருக்கு. எல்லாம் பிக்ஸட் கியர். உங்கட பக்கம் ஒருத்தர்கிட்டயும் இல்லாத சாமான். பொடியன்மார் அள்ளிக் கொண்டு போவாங்க. ஒன்று முப்பத்தெட்டாயிரம். ரெண்டு மாசச் செக் தாங்க, போதும்” என்றார்.

இருபத்தைந்துக்கு ஒன்பது லட்சத்து ஐம்பதாயிரம் ரூபா. நாற்பத்தெட்டாயிரத்துக்கு விற்றால் கையில் இரண்டரை லட்சம் நிற்கும். செக் வங்கிக்குப் போகுமுன் பாதி விற்றுவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. பொல்பிட்டியவில் இருந்துகொண்டு ஏன் அப்படி ஒரு ஆசை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் 2022.

பெற்றோல் வரிசை சொல்லித் தந்த பாடம்

அந்த வருடத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டொலர் இருநூறு ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். பிறகு கியூ.ஆர். முறை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், த்ரீவீலுக்கு ஐந்து லீற்றர். ஹட்டனுக்கு ஒருமுறை சாமான் எடுக்கப் போய்வந்தால் அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும்.

அப்போதுதான் சைக்கிளுக்கு மவுசு வந்தது. கொழும்பில் கோட்டும் டையுமாக ஆட்கள் சைக்கிளில் அலுவலகம் போனார்கள். பாணந்துறையில் செய்யும் லுமாலா சைக்கிளுக்கும் ஆள் தேடி வந்தது, ஜப்பான் பழைய சைக்கிளுக்கும் ஆள் தேடி வந்தது. விலை ஏறியது. வாரத்துக்கு வாரம் வேறு விலை. அந்த நேரத்தில் கையில் ஸ்டொக் வைத்திருந்தவர்கள் நல்ல காசு பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. மலைநாட்டில் யார் சைக்கிள் வாங்குவார்கள் என்று இருந்துவிட்டேன். கினிகத்தேனையில் ஒருவர் பத்துச் சைக்கிள் இறக்கி ஒரே வாரத்தில் விற்றதைக் கண்டபோது வயிறு எரிந்தது உண்மை. அந்த எரிச்சல்தான் இரண்டு வருடம் கழித்து வந்த போனுக்கு ‘சரி’ என்று சொல்ல வைக்கப் பார்த்தது. போன சந்தையை நினைத்துக்கொண்டு இன்றைக்குச் சாமான் வாங்குவது நம்மவர்களின் பழைய வியாதி. எனக்கும் அது உண்டு.

இருந்தாலும் வாப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். புதுச் சாமான் என்றால் முதலில் இரண்டு எடுத்துப் பார்ப்பது, பிறகுதான் மொத்தம். “ரெண்டு அனுப்புங்க, பார்த்துச் சொல்றன்” என்றேன். மனிதருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் லொறியில் போட்டுவிட்டார்.

மடிக்கிற சைக்கிள் எங்கிருந்து வந்தது?

சாமானைப் பற்றிப் பேசுமுன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். மடிக்கிற சைக்கிள் புது மோஸ்தர் அல்ல. நமது வாப்பாமார் ஓட்டிய பீ.எஸ்.ஏ. சைக்கிள் நினைவிருக்கும். அதே இங்கிலாந்துக் கொம்பனி இரண்டாம் உலகப் போரின்போது பரசூட் படையினருக்காக மடிக்கிற சைக்கிள் செய்தது. 1942 முதல் 1945 வரை சுமார் 70,000 செய்ததாகக் கணக்கு. விமானத்திலிருந்து குதிப்பவன் கூடவே கொண்டு போக வேண்டும் என்பதற்காகச் செய்த வண்டி அது.

போருக்குப் பிறகு 1962இல் அலெக்ஸ் மோல்டன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் சின்னச் சில்லு வைத்த சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சைக்கிள் என்றால் பெரிய சில்லுதான் என்ற எண்ணத்தை அது மாற்றியது. ராலி கொம்பனி 1968இல் ‘ட்வென்ட்டி’ என்று இருபது அங்குலச் சில்லு வைத்த சைக்கிளை விட்டது. பிறகு அதில் மடிக்கிற மாதிரியும் வந்தது.

இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் இரண்டு பெயர்கள் பிரொம்டன், டாஹொன். இரண்டுமே 1970களில் கருவாகியவை. லண்டனில் அன்ட்ரூ ரிச்சி என்பவர் 1975இல் தன் வீட்டறையில் இருந்து பிரொம்டனை வரையத் தொடங்கினார். எதிரே இருந்த தேவாலயத்தின் பெயரைத்தான் சைக்கிளுக்கு வைத்தார். பெரிய அளவில் தொழிற்சாலை நடக்க 1988 வரை பொறுத்திருந்தார். பதின்மூன்று வருடம்! ஒரு வருடத்தில் இலாபம் வரவில்லை என்று கடையை மூடும் நமக்கு இது ஒரு பாடம். டாஹொன் கொம்பனியை 1982இல் அமெரிக்காவில் தொடங்கியவர் டேவிட் ஹொன் என்ற லேசர் விஞ்ஞானி. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிதான் அவரைச் சைக்கிள் பக்கம் திருப்பியது. ஆக, பெற்றோல் இல்லாதபோது சைக்கிளை நினைப்பது நமது நாட்டுக்கு மட்டும் சொந்தமான கதை அல்ல.

‘பிக்ஸட் கியர்’ என்றால் என்ன?

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். எனக்கு விற்க வந்தவருக்கே அந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது.

கியர் மாற்ற முடியாத சைக்கிள் எல்லாம் பிக்ஸட் கியர் அல்ல. நாம் சாதாரணமாக ஓட்டும் பழைய சைக்கிளுக்கும் ஒரே கியர்தான். ஆனால் அதன் பின் சில்லில் ப்ரீவீல் இருக்கிறது. இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினால் கால் சும்மா இருக்கும், சில்லு ‘டிக் டிக்’ என்று தன்பாட்டில் ஓடும். பிக்ஸட் கியரில் அந்த ப்ரீவீல் இல்லை. பின் சில்லோடு பற்சில்லு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். சில்லு சுற்றும் வரைக்கும் பெடலும் சுற்றும். நீங்கள் மிதிக்காவிட்டாலும் பெடல் உங்கள் காலை மிதிக்க வைக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பின் சில்லைத் தூக்கிக்கொண்டு பெடலைப் பின்பக்கம் சுற்றுங்கள். சில்லு அசையாமல் பெடல் மட்டும் சுற்றினால் ப்ரீவீல். சில்லும் சேர்ந்து பின்னால் சுற்றினால் பிக்ஸட். கடையில் நின்றபடி அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சைக்கிள் தோன்றிய காலத்தில் எல்லாமே இப்படித்தான் இருந்தன. ப்ரீவீல் பொதுப் பாவனைக்கு வந்தது 1900ஐ ஒட்டிய காலத்தில். அதன் பிறகும் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் போட்டியில் கியர் மாற்றும் பொறியை 1937 வரைக்கும் விடவில்லை. வீரர்கள் பின் சில்லின் இரண்டு பக்கமும் வேறு வேறு பற்சில்லு பூட்டி வைத்திருப்பார்கள். மலை அடிவாரம் வந்ததும் இறங்கி, சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறுவார்கள். மலை என்றால் சைக்கிள்காரனுக்கு என்ன பாடு என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

விரும்புகிறவர்கள் ஏன் விரும்புகிறார்கள்?

குறையை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. இந்த வண்டிக்கு ஆசைப்படுபவர்கள் எல்லாரும் பைத்தியக்காரர்கள் அல்ல.

முதலாவது, பாகங்கள் குறைவு. கியர் மாற்றும் பொறி இல்லை, அதற்கான கம்பி இல்லை, ப்ரீவீலுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் கொக்கியும் இல்லை. உடைய ஏதும் இல்லாததால் செலவும் குறைவு. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் இந்த நாட்டிலேயே மழை கூடிய இடங்களில் சேரும். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த மழையில் கியர்ப் பொறி சீக்கிரம் துருவேறிவிடும். துருவேறப் பொறியே இல்லாத சைக்கிளுக்கு அந்தக் கவலை பாதி.

இரண்டாவது, மடித்தால் இடம் பிடிக்காது. பிரொம்டனை மடித்தால் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரம், ஓரடிக்குக் குறைந்த அகலம். மேசைக்கடியில் போகும். கொழும்பில் ஒரு அறையில் நால்வராகத் தங்கியிருக்கும் நமது பிள்ளைகளுக்கு, வாசலில் விட்டுக் களவு கொடுப்பதை விடக் கட்டிலுக்கடியில் தள்ளி வைப்பது நிம்மதி. பஸ்ஸின் டிக்கியில் போட்டு ஊருக்கும் கொண்டு வரலாம். சிங்கப்பூரில் மடித்த சைக்கிளை ரயிலில் ஏற்ற அனுமதி உண்டு. 120 சென்றிமீற்றர் நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் இருக்க வேண்டும் என்று அளவே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, அந்த ஓட்டமே ஒரு ருசி என்கிறார்கள். காலும் சில்லும் ஒன்றாக இருப்பதால் வேகத்தைக் காலாலேயே கூட்டலாம், காலாலேயே குறைக்கலாம். நெரிசலான தெருவில் ஆமை வேகத்திலும் வண்டி கட்டுப்பாட்டில் நிற்கும். அமெரிக்க நகரங்களில் கடிதம், பார்சல் கொண்டு போகும் பொடியன்மார் இதைப் பழக்கப்படுத்தி, 2000க்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பேஷன் ஆனது. சமதரையில், பழகிய காலுக்கு, நல்ல பிரேக்கும் இருந்தால் பிழை சொல்ல முடியாத வண்டிதான்.

இரண்டையும் சேர்க்கும்போது வரும் சிக்கல்

மடிப்பது ஒரு நல்ல யோசனை. பிக்ஸட் கியர் ஒரு விதத்தில் நல்ல யோசனை. ஆனால் இரண்டையும் ஒரே வண்டியில் வைத்தால் ஒன்றோடு ஒன்று சண்டை பிடிக்கிறது.

செயினை எடுத்துக்கொள்வோம். பிரொம்டன் போன்ற வண்டியில் பின் சில்லே உள்ளே மடிந்து போகும். அப்போது செயின் தளரும். அந்தத் தளர்ச்சியை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஓர் உறுப்பு கீழே இருக்கிறது. முன்னுக்கு மிதிக்கும்போது செயினின் மேல் பக்கம்தான் இறுகும், கீழ்ப் பக்கம் தளர்வாக இருக்கும், ஸ்பிரிங் அதைப் பார்த்துக்கொள்ளும். பிக்ஸட் கியரில் காலால் பின்னுக்குத் தடுக்கும்போது கீழ்ப் பக்கம் இறுகி ஸ்பிரிங்கைத் தள்ளிவிடும், மேல் பக்கம் தளர்ந்துவிடும். செயின் கழன்றால் ஒன்று சில்லு பூட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் காலின் பிடி முழுக்கப் போய்விடும். ஆகவே அந்த மாதிரி வண்டிக்குப் பிக்ஸட் கியர் ஒத்துவராது. நடுச்சட்டத்தில் மடியும் ஜப்பான் வகைக்கு இந்தச் சிக்கல் குறைவு. செயின் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அதிலும் செயினை எப்போதும் சரியான இறுக்கத்தில் வைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் செயினுக்கு எண்ணெய் விடுவதே பெருநாளைக்கு ஒருமுறை.

அடுத்தது பெடல். மடிப்பதற்குப் பெடல் ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்க வேண்டும். ப்ரீவீல் என்றால் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பின்னுக்குச் சுற்றலாம். பிக்ஸடில் முழு வண்டியையும் தூக்கிச் சில்லைச் சுற்ற வேண்டும். மடித்த பிறகு உருட்டிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், சில்லு உருள உருளப் பெடலும் சுற்றி முழங்காலுக்குக் கீழே இடிக்கும். பஸ் நெரிசலில் பக்கத்து ஆளின் சாரத்தை இழுக்கும். பிக்ஸட் ஓட்டுபவர்கள் கால் நழுவாமல் இருக்கப் பெடலில் பட்டி கட்டுவார்கள். மடிக்கிற சைக்கிளின் பெடலோ தானும் மடியும் பிளாஸ்டிக் பெடல். அதில் பட்டி கட்டினால் மடியாது, கட்டாவிட்டால் இறக்கத்தில் கால் நிற்காது.

சின்னச் சில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னச் சில்லு என்றால் வேகம் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. முன் பற்சில்லைப் பெரிதாகவும் பின்னதைச் சிறிதாகவும் வைத்து அதைச் சரிக்கட்டிவிடுவார்கள். உண்மையான குறை வேறு. பெரிய சில்லு தாண்டிப் போகும் குழியில் சின்னச் சில்லு விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே போனால் சின்ன ரிம் சீக்கிரம் சூடாகும். நமது வீதிகளில் குழிக்கும் பஞ்சமில்லை, இறக்கத்துக்கும் பஞ்சமில்லை.

பொல்பிட்டியக் கணக்கு

வந்த இரண்டு சைக்கிளில் ஒன்றை எடுத்துப் பல்லை எண்ணினேன். முன்னால் 48, பின்னால் 15. இருபது அங்குலச் சில்லு. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்து மீற்றர் போகிறது. அந்த ஒரு சுற்றில் கால் போகும் தூரம் ஏறத்தாழ ஒரு மீற்றர். அதாவது வண்டியைத் தள்ளத் தேவையான பலத்தைப் போல ஐந்து மடங்கைக் கால் கொடுக்க வேண்டும்.

இனி ஏற்றத்துக்கு வருவோம். நமது மலைநாட்டு ரயில் பாதையை வெள்ளைக்காரன் போட்டபோது 44 அடி ஓடினால் ஓரடி ஏறும் அளவுக்கு மேல் போகவில்லை. அதற்கே என்ஜின் மூச்சு வாங்கும். தோட்டத்து வீதியில் பத்தடிக்கு ஓரடி ஏறும் இடம் சாதாரணம். ஆள் 60 கிலோ, சைக்கிள் 15, பை 5 என்று 80 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்றத்தில் வண்டியைத் தள்ள 8 கிலோ பலம் வேண்டும். ஐந்தால் பெருக்கினால் 40 கிலோ. சுற்று முழுக்கச் சராசரியாக இவ்வளவு. பெடல் மேலும் கீழும் பலம் எடுக்காத இடங்களைக் கழித்தால், நடுவில் ஆள் தன் முழுப் பாரத்தையும் கொடுக்க வேண்டும். நூறு யார் ஏறலாம். பொல்பிட்டியவிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போக முடியுமா?

ஏறாவிட்டால் இறங்கித் தள்ளலாம், ஆபத்தில்லை. ஆபத்து இறக்கத்தில். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 500 மீற்றர். பெடல் நிமிடத்துக்கு 100 தடவை சுற்றும். 40 கிலோமீற்றர் என்றால் 133 தடவை. நமது இறக்கத்தில் சைக்கிள் 40ஐத் தொட அதிக நேரம் எடுக்காது. அந்த வேகத்தில் கால் பெடலோடு சேர்ந்து ஓட வேண்டும். கால் நழுவினால் சுற்றும் பெடல் திரும்ப வந்து காலில் அடிக்கும். வளைவில் சாயும்போது உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைப்பது நமது வழக்கம். பிக்ஸடில் அதை நிறுத்த முடியாது. கீழே வந்த பெடல் தாரில் இடித்தால் ஆளைத் தூக்கி எறியும்.

மருமகன் விழுந்த கதை

இவ்வளவு கணக்கும் நான் பின்னால் போட்டது. உண்மையைச் சொல்வதானால், முதலில் என் தங்கச்சியின் மகன், “மாமா, ஒரு ரவுண்ட் போய்ட்டு வாறன்” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். பத்தொன்பது வயது. கடைக்கு மேலே இருக்கும் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து இறங்கினான். தூறல் விட்டிருந்தது, வீதி ஈரம்.

நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். பாதி இறக்கத்தில் காலால் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைத்தான். ஒன்றிரண்டு தடவை சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் தடவை கால் சும்மா பின்னுக்குச் சுற்றியது. வண்டி பாய்ந்தது. முன் பிரேக்கைப் பிடித்தான், ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கியது. பின் பிரேக் கிடையாது, பேஷனுக்காக அதன் கம்பியை யாரோ கழற்றியிருந்தார்கள். பிள்ளைக்கு மூளை வேலை செய்ததால் வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பித் தேயிலைக்குள் விட்டான். கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்ததோடு போனது. அந்தப் பக்கம் மேடு. இந்தப் பக்கம் திருப்பியிருந்தால் பள்ளம், அடியில் ஆறு. அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல?

நமது சைக்கிள் பாஸ் வந்து பின் சில்லைக் கழற்றிப் பார்த்தார். முப்பது வருடம் தோட்டத்துச் சைக்கிள்களோடு கிடந்த மனிதர். பார்த்த உடனே சொன்னார்: “முதலாளி, இது பிக்ஸடுக்குச் செஞ்ச சில்லு இல்ல. சாதாரண சில்லுல ப்ரீவீலைக் கழட்டிட்டு வெறும் பல்லைத் திருகி விட்டிருக்கான். லொக் ரிங் இல்லையே!”

அவர் விளக்கியது இதுதான். பற்சில்லு மரையில் திருகிப் பூட்டப்படுகிறது. முன்னுக்கு மிதித்தால் இன்னும் இறுகும். பின்னுக்கு அழுத்தினால் கழலும். அதனால் உண்மையான பிக்ஸட் சில்லில் பற்சில்லுக்கு வெளியே எதிர்ப்பக்க மரை வைத்த இன்னொரு வளையம் இருக்கும். பற்சில்லு கழலப் பார்த்தால் அந்த வளையம் இறுகித் தடுக்கும். இந்த வண்டியில் அந்த வளையமும் இல்லை, அதைப் பூட்ட மரையும் இல்லை. காலால் தடுக்கத் தடுக்கப் பற்சில்லு கழன்று வரும். தடுப்பது எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கழலும். அதாவது பிரேக் தேவைப்படும் நேரத்தில்தான் பிரேக் இல்லாமல் போகும்.

இரண்டாவது சைக்கிளும் அப்படித்தான். இடையில் யாரோ தேய்ந்த ப்ரீவீலை எறிந்துவிட்டுப் புது ப்ரீவீலின் காசை மிச்சம் பிடித்து, அதற்கு ‘பிக்ஸட் கியர்’ என்று பெயரும் வைத்து, விலையையும் கூட்டியிருக்கிறார்கள். குறையே விளம்பரமாகிவிட்டது!

நான் என்ன செய்தேன்?

அன்று இரவே போன் எடுத்தேன். மனிதர் முதலில் சாதித்தார், பிறகு “எனக்கும் தெரியாது நானா, நான் எடுத்ததும் இப்படித்தான்” என்றார். அதில் உண்மை இருக்கலாம். அவரோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொன்னேன். ஒன்று, அந்த இருபத்தைந்தையும் யாருக்குக் கொடுத்தாலும் ப்ரீவீலும் பின் பிரேக்கும் போட்டுக் கொடுங்கள். இரண்டு, மலைநாட்டில் கொடுக்காதீர்கள்.

பாஸிடம் கணக்குக் கேட்டேன். ப்ரீவீல், பிரேக் கம்பி, கட்டை, கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. இருபத்தைந்துக்கு எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு. எனது இரண்டரை லட்சம் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போகிறது. மிச்சமும் விற்றால்தான் இலாபம். பொல்பிட்டியவில் இருபத்தைந்து மடிக்கிற சைக்கிள் விற்க எத்தனை வருடம் ஆகும்? செக் இரண்டு மாதத்தில் வங்கிக்குப் போய்விடும்.

கடைசியில் திருத்திய சைக்கிள் ஆறு மட்டும் விலை குறைத்து எடுத்தேன். ஐந்து மாதத்தில் நான்கு போனது. நான்குமே ஊரில் ஓட்ட அல்ல. மூன்று கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு, ஒன்று நீர்கொழும்பில் தங்கிப் படிப்பவருக்கு. பத்துச் சைக்கிளைப் புத்தளத்திலுள்ள நண்பர் எடுத்தார், ப்ரீவீல் போட்டுத்தான். சமதரை ஊர். இரண்டு மாதத்தில் முடிந்தது என்றார். எனக்குப் பொறாமை வரவில்லை. அந்த ஊருக்கு அந்தச் சாமான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சைக்கிள் வியாபாரம் செய்யும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். புத்தளம், மன்னார், கல்முனை, காத்தான்குடி போன்ற சமதரை ஊர்களில் மடிக்கிற சைக்கிளுக்கு இடம் இருக்கிறது. பயப்பட வேண்டாம். ஆனால் பெடலைப் பின்னுக்குச் சுற்றிப் பாருங்கள். பிக்ஸட் என்றால் லொக் ரிங் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். சில சில்லுகளில் ஒரு பக்கம் பிக்ஸடுக்கும் மறுபக்கம் ப்ரீவீலுக்கும் மரை இருக்கும். திருப்பிப் போட்டால் போதும், அது நல்ல சாமான். நடுச்சட்டப் பூட்டைப் பூட்டி, ஹாண்டிலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பி அனுப்புங்கள். முன் பின் இரண்டு பிரேக்கும் இருக்க வேண்டும். பிக்ஸட் சைக்கிள் போட்டி பந்தயமாகவே நடக்கும் ஜப்பானில்கூட, வீதியில் ஓட்டும் சைக்கிளுக்கு இரண்டு பிரேக் கட்டாயம். சிங்கப்பூரிலும் 2021இல் கைப் பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அவர்கள் வீதியெல்லாம் சமதரை. நமக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசியுங்கள்.

வாங்க வருபவர் எந்த ஊரில் ஓட்டப் போகிறார் என்று கேளுங்கள். மலை வீதி என்றால் கியர் உள்ள சைக்கிளைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்கு அனுப்புங்கள். சாமானில் குறை இருந்தால் அதைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்த பாடம். துணியில் கிழிசலைச் சொல்லாமல் விற்றால் நஷ்டம் துணியோடு போகும். சைக்கிளில் குறையைச் சொல்லாமல் விற்றால் ஒரு வீட்டுப் பிள்ளை போகும்.

விழுந்த சைக்கிள் இன்னும் என் கடையில் தொங்குகிறது. பின் சில்லை மட்டும் கழற்றி மேசைப் பக்கம் வைத்திருக்கிறேன். யாராவது புதுச் சாமான் என்று போன் பண்ணினால் அதை ஒருதடவை பார்த்துக்கொள்வேன். மருமகன் இப்போது கொழும்பில் வேலை. மிச்சம் இருந்த இரண்டில் ஒன்றைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கொடுக்கலாம் என்று இருக்கிறேன், ஊருக்கு வரும்போது பஸ்ஸிலேயே மடித்து வைத்துக்கொண்டு வருவதென்றால்!